பதினான்காவது நிகழ்ச்சி: வானம் பார்த்தல்

சனிக்கோளின் வளையத்தைப் பார்க்க அக்காவும் தம்பியும் நான்கு மாதம் நடந்தார்கள். இதில் சனியைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அது தினமும் பொழுது சாய்ந்ததும் ஒழுங்காக வந்து தன் இடத்தில் நின்றது. இடைஞ்சல் எல்லாம் பல்கலைக்கழகத்தில் இருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, அதை வானியற்பியல் துறைக்காகவே சொல்லி வைத்தார்களோ என்னவோ.

தம்பி கடைகளுக்கு இரும்பு ஷட்டர் போடுகிறவர். போட்டது மக்கர் பண்ணினால் வந்து சரிசெய்கிறவரும் அவரே. ஊரில் அவருக்கு ஷட்டர்காரர் என்று பெயர். அக்கா சட்டைக் கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் சட்டையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள். பட்டன் நுழைகிற காஜாவில் ஒரு நூல் பிசிறினாலும் தூக்கி ஓரமாக எறிவாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் 'பாஸ்' என்று முத்திரை குத்திய சட்டை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

அப்படிப்பட்ட கண்ணில்தான் கோளாறு வந்தது. கண் டாக்டர் காகிதத்தில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். பார்வை ஓரங்களிலிருந்து மூடிக்கொண்டே வருகிறது. நடுவில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. வருடக் கடைசிவரை அது இருந்தால் அதிர்ஷ்டம். சொட்டு மருந்து தள்ளிப்போடுமே தவிர நிறுத்தாது. ஷட்டர்காரருக்கு உடனே விளங்கிவிட்டது. மூடுகிற கடைகளைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இது மட்டும் அவர் கைவைத்துத் திறக்கக்கூடிய ஷட்டர் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார். "உனக்கு என்னக்கா பாக்கணும்? கடலா, மலையா? சொல்லு, கூட்டிட்டுப் போறேன்."

"சனி" என்றாள் அக்கா.

"என்னது?"

"சனிக்கோள்டா. சுத்தி வளையம் இருக்குன்னு அஞ்சாங்கிளாஸ் புத்தகத்துல படம் போட்டிருந்தான். அன்னையிலேர்ந்து ஆளாளுக்கு இருக்கு இருக்குன்னு சொல்றாங்க. என் கண்ணால பாக்காம நான் எதையும் பாஸ் பண்ணினதில்ல. அது ஒண்ணுதான் பாக்கி நிக்குது."

"ஊர்ல எல்லாரும் சனி நம்மளப் பாத்துடக் கூடாதேன்னு ஓடுறாங்க. நீ என்னடான்னா தேடிப் போய்ப் பாக்கணுங்கற."

"அது நம்மள இத்தனை வருஷம் பாத்தது போதும். இப்ப நான் அதைப் பாக்கறேன்."

பஸ் நிறுத்தத்தில் ஒரு சுவரொட்டி இருந்தது. 'பொதுமக்களுக்கான மாதாந்திர வானியல் சொற்பொழிவு. ஒவ்வொரு மாதமும் இரண்டாம் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. இறுதியில் தொலைநோக்கி வழியே வானம் பார்த்தல். அனைவரும் வருக.' அக்கா அதை இரண்டு முறை படித்து, எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை என்று சொன்னாள். அதனால் இருவரும் நம்பினார்கள்.

முதல் மாதம் வாசலிலேயே தகராறு. காவலாளியிடம் பெரிய பதிவேடு ஒன்று இருந்தது.

"நீங்க யாரு?"

"பொதுமக்கள்" என்றார் ஷட்டர்காரர்.

காவலாளி பதிவேட்டின் தலைப்புகளை விரலால் தடவிக்கொண்டே போனார். "பேராசிரியர், அலுவலர், மாணவர், ஒப்பந்தக்காரர். பொதுமக்கள்னு கட்டம் இல்லையே."

"பொதுமக்களுக்கான சொற்பொழிவுன்னு ஊரெல்லாம் ஒட்டியிருக்கீங்களே?"

"ஒட்டறது வருஷக்கணக்கா ஒட்டறோம். யாரும் வந்ததில்ல. இப்ப நீங்க வந்து நிக்கறீங்க. நான் எங்க எழுதட்டும்?"

மனிதர் நல்லவர், யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். ஷட்டர்காரரை ஒப்பந்தக்காரர் என்று எழுதினார். பக்கத்தில் 'கொண்டுவந்த பொருட்கள்' என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதில் 'அக்கா, 1' என்று எழுதிக்கொண்டார். "திரும்பிப் போறப்ப கையோட கூட்டிட்டுப் போயிடணும். கணக்கு இடிக்கக் கூடாது" என்று சொல்லி உள்ளே விட்டார்.

அரங்கத்தில் இருநூறு மாணவர்கள் இருந்தார்கள். வருகைப்பதிவுக்காக வந்தவர்கள். முன் மூன்று வரிசை பிரமுகர்களுக்கு. அதில் ஒருவரும் இல்லை. கையில் கொடுத்த நிகழ்ச்சி நிரலில் பதினைந்து நிகழ்ச்சிகள் இருந்தன. வரவேற்புரை, வரவேற்றவரை அறிமுகம் செய்தல், தலைமையுரை, மலர்க்கொத்து வழங்கல், மலர்க்கொத்து வழங்கியவருக்கு மலர்க்கொத்து வழங்கல். இப்படியே இறங்கிக்கொண்டு போய், பதினான்காவதாக 'வானம் பார்த்தல்' என்றும் பதினைந்தாவதாக 'கலைந்து செல்லுதல்' என்றும் போட்டிருந்தது. அக்கா பதினான்கின் மேல் நகத்தால் ஒரு கோடு கீறிவைத்துக்கொண்டாள்.

அன்றைய தலைப்பு 'பிரபஞ்ச விரிவாக்கத்தில் நமது துறையின் பங்கு'. துறைத்தலைவர் எழுந்து ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்கினார்.

"பிரபஞ்சம் ஆயிரத்து முந்நூற்று எண்பது கோடி ஆண்டுகளாக விரிவடைந்து வருகிறது. அவற்றுள் கடைசிப் பதினோரு ஆண்டுகள் என் தலைமையில் விரிவடைந்தவை என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். நான் பொறுப்பேற்றபோது இத்துறையில் மூன்று குழுக்களே இருந்தன. இன்று பதினேழு குழுக்கள் இருக்கின்றன. விரிவாக்கம் என்றால் என்னவென்று இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது."

மாணவர்கள் கைதட்டினார்கள். தட்டாவிட்டால் வருகைப்பதிவு கிடையாது. சொற்பொழிவு இரண்டு மணி நேரம் நடந்தது. நட்சத்திரம் என்ற சொல் ஒருமுறை வந்தது, அதுவும் துறைத்தலைவர் தங்கியிருந்த ஓட்டலைப் பற்றிச் சொல்லும்போது. நன்றியுரை எட்டே காலுக்கு ஆரம்பித்து எட்டு இருபத்தைந்துக்கு முடிந்தது. எட்டரைக்கு வாசல் கதவைப் பூட்டிவிடுவார்கள். அறிவிப்பாளர் ஒலிபெருக்கி முன்னால் வந்து, "மேகமூட்டம் காரணமாக பதினான்காவது நிகழ்ச்சி ரத்து செய்யப்படுகிறது. பதினைந்தாவது நிகழ்ச்சி இப்போது இனிதே தொடங்குகிறது" என்றார். அரங்கத்துக்கு ஜன்னலே கிடையாது.

வெளியே வந்து பார்த்தால் வானம் கழுவித் துடைத்ததுபோல் இருந்தது. நூலகக் கட்டடத்துக்கு மேலே மஞ்சளாக ஒன்று மினுக்காமல் நின்றது. "அதுதான்டா" என்றாள் அக்கா. பக்கத்தில் வந்த ஒரு பேராசிரியரை ஷட்டர்காரர் நிறுத்தினார்.

"சார், ஒரு துளி மேகம்கூட இல்லையே?"

பேராசிரியர் அண்ணாந்து பார்க்கவில்லை. "மேகமூட்டம்ங்கறது துறை எடுக்கற முடிவுங்க. அதுக்கும் வானத்துக்கும் நேரடியா எந்தத் தொடர்பும் கிடையாது" என்று பொறுமையாக விளக்கிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார்.

இரண்டாம் மாதம் ஷட்டர்காரர் உஷாராகப் போனார். பதினோராவது நிகழ்ச்சி கேள்வி நேரம். கேள்வியை ஏழு நாள் முன்னதாகப் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் வேலையை விட்டுவிட்டுப் போய், வரிசையில் நின்று, மூன்று பிரதி எழுதிக் கொடுத்திருந்தார். அவர் எழுதியது இதுதான்: 'தொலைநோக்கியை எப்போது காட்டுவீர்கள்?' அறிவிப்பாளர் அதைப் படித்தார்: "தொலைநோக்கி மனிதகுலத்துக்கு ஆற்றியுள்ள தொண்டு யாது?" துறைத்தலைவர் நாற்பது நிமிடம் பதில் சொன்னார்.

ஷட்டர்காரர் எழுந்துவிட்டார். "நான் கேட்டது அது இல்லீங்க."

"கேள்வி உங்களுடையதுதான்" என்றார் துறைத்தலைவர் புன்னகையோடு. "திருத்திய வடிவம் கேள்வி ஆய்வுக் குழுவுடையது. மக்கள் எதைக் கேட்க விரும்புகிறார்கள் என்பது மக்களுக்கே சரியாகத் தெரிவதில்லை. அந்தக் குறையைப் போக்கத்தான் இந்தக் குழுவை அமைத்தோம்."

அன்றும் மேகமூட்டம். கூட்டம் கலைந்தபோது அக்கா வாசல் நிலையில் தோளை இடித்துக்கொண்டாள். போன மாதம் இதே வாசலை இடிக்காமல் தாண்டினாள். ஷட்டர்காரர் அதைக் கவனித்தார். கவனித்ததை அவளுக்குக் காட்டிக்கொள்ளவில்லை.

நடைபாதையில் சாவிக்கொத்தோடு ஒரு அம்மாள் நின்றிருந்தார். துறையில் தொலைநோக்கியைப் பார்த்துக்கொள்கிற உதவியாளர். எல்லோரும் அவரைத் தொலைநோக்கியம்மா என்பார்கள். "மேகமாவது மண்ணாவது" என்றார் அவர் தணிந்த குரலில். "மேல தொலைநோக்கி இருக்கற கூண்டுக் கதவு திறக்கறதில்லீங்க. பதினோரு வருஷமா மாட்டிக்கிட்டு நிக்குது. அது தெரியக் கூடாதுன்னுதான் பேசிப் பேசியே எட்டரை ஆக்கறாங்க."

அவர் இருவரையும் சுழல்படியில் மேலே கூட்டிக்கொண்டு போனார். வட்டமான அறை. நடுவில், ஆளைவிட உயரமான கான்கிரீட் தூணின் மேல், பெரிய தண்ணீர்க் குழாய்போல நீளமான தொலைநோக்கி. அதன் மேல் தூசு படிந்த பிளாஸ்டிக் உறை. தலைக்கு மேலே கும்மட்டம்போல இரும்புக் கூரை, அதில் பக்கவாட்டில் நகரவேண்டிய கதவு. ஷட்டர்காரர் தொலைநோக்கியைப் பார்க்கவே இல்லை. அவர் கண் நேராகக் கதவுக்குப் போனது. சங்கிலி பல்சக்கரத்தை விட்டு நழுவியிருந்தது. தண்டவாளத்தில் துரு. இரண்டு போல்ட் தேய்ந்திருந்தது.

"இருபது நிமிஷ வேலை" என்றார். கை துறுதுறுத்தது.

"தயவுசெஞ்சு கை வெச்சிடாதீங்க, என் வேலைக்கு உலை வெச்சிடுவாங்க" என்றார் தொலைநோக்கியம்மா. "இங்க ஆளுக்கு ஒரு வேலைதான். கோளைப் பாத்துக் குழாயைத் திருப்பறது மட்டும் நான். துடைக்கறது, உறை எடுக்கறது, மூடி கழட்டறது எல்லாம் இன்னொருத்தர். அவர் ரிடையராகி ஆறு வருஷம் ஆச்சு. அந்த இடத்துக்கு இன்னும் ஆள் போடல."

மறுநாளே ஷட்டர்காரர் துறைத்தலைவர் அறைக்குப் போய் நின்றார். தான் யார் என்று சொன்னார். அக்கா கண்ணைப் பற்றிச் சொன்னார். கதவைத் தன் சொந்தப் பொறுப்பில் சரிசெய்து தருவதாகவும் யாரும் ஒரு துரும்பைக்கூட நகர்த்த வேண்டாம் என்றும் சொன்னார்.

துறைத்தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "கதவு பழுதுன்னு யார் சொன்னது?"

"நானே பாத்தேங்க."

"நீங்க பாத்தது கதவை. நான் பாக்கறது கோப்பை." அவர் ஒரு தடித்த கோப்பைத் திருப்பி வைத்தார். மாதம் ஒரு அறிக்கை. ஒவ்வொன்றின் கடைசி வரியும் ஒன்றே: 'பொதுமக்கள் தொலைநோக்கி வழியே வானத்தைக் கண்டு மகிழ்ந்தனர்.' "நூத்திமுப்பத்திரண்டு அறிக்கை மேலிடத்துக்குப் போயிருக்கு. இன்னைக்குக் கதவு பழுதுன்னு எழுதினா, இத்தனை மாசம் எது வழியா மகிழ்ந்தீங்கன்னு கேப்பாங்களா இல்லையா? ஓடற பொருளைத்தான் ஓடலன்னு எழுத முடியும். ஏற்கெனவே ஓடாததை அப்படி எழுதவே முடியாது."

"ஆனா கூட்டத்துல மேகமூட்டம்னு சொல்றீங்களே?"

"அது உள்ள சொல்றது. இது மேல அனுப்பறது" என்றார் துறைத்தலைவர். எல்.கே.ஜி. பிள்ளைக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார். ஷட்டர்காரருக்கு அழுகை வரவில்லை. சுத்தியல் எடுத்து வந்திருக்கலாமே என்று தோன்றியது.

மூன்றாம் மாதம் இன்னும் மோசம். உண்மையான பொதுமக்கள் ஒருவர் வருகிறார் என்ற செய்தி துறையில் பரவிவிட்டது. வாசலிலேயே அவரைப் பிடித்துக்கொண்டு போய் மேடையில் உட்கார வைத்தார்கள். முன்னால் 'பொதுமக்கள்' என்று ஒரு பெயர்ப்பலகை. படம் எடுத்தார்கள், அவர் கன்னத்தைத் திருப்பி இன்னொரு படம் எடுத்தார்கள். அக்கா கடைசி வரிசையில் தனியாக இருந்தாள். பத்தாவது நிகழ்ச்சிக்குப் பதிலாக 'பொதுமக்கள் உரை' என்று புதிதாகச் சேர்த்து, அவர் கையில் எழுதிய காகிதம் ஒன்றைத் திணித்தார்கள்.

ஷட்டர்காரர் படித்தார். "விண்ணின் விந்தைகளைத் தொலைநோக்கி வழியே கண்டு நான் பேருவகை அடைந்தேன்." நிறுத்தினார். "இன்னும் ஒண்ணையும் காட்டலீங்களே?"

அறிவிப்பாளர் குனிந்து அவர் காதில் சொன்னார். "காட்டறதுக்கு முன்னாடியே சொல்லிடறதுதாங்க இங்க வழக்கம். நேரம் மிச்சமாகும்."

அன்றும் மேகமூட்டம். திரும்பும் வழியில் அக்கா மூன்று படியுள்ள இடத்தில் இரண்டு படி என்று நினைத்துக் காலை வைத்தாள். அவர் பிடித்துக்கொண்டார். "கம்பெனியில என்னை மடிப்புப் பிரிவுக்கு மாத்திட்டாங்கடா" என்றாள் அவள், ஏதோ கடைக்குப் போய்வந்த கதை சொல்வதுபோல. "சட்டை மடிக்கறதுக்குக் கண்ணு எதுக்கு? கை போதும்."

"எப்போ?"

"பத்து நாளாச்சு."

ஷட்டர்காரருக்கு அடக்கமுடியாத கோபம் வந்தது. துறையின் மேல், டாக்டரின் மேல், மேடையில் உட்கார்ந்து பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்ட தன் மேல். "வேணாம்க்கா. இனிமே அங்க போக வேணாம். புத்தகத்துல பாத்துக்கலாம்" என்று கத்தினார்.

"புத்தகத்துல பாக்கறதுக்கு நான் எதுக்குடா? அதான் நூறு பேர் பாத்து எழுதியிருக்காங்களே." வீடுவரை அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

நான்காம் மாதம் வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு துறைத்தலைவரே கடைத்தெருவுக்கு வந்துவிட்டார். ஷட்டர்காரர் ஒரு மருந்துக்கடை வாசலில் ஏணிமேல் நின்றிருந்தார். துறைத்தலைவர் கீழே நின்று அண்ணாந்து பேச வேண்டியிருந்தது. பதினோரு வருடத்தில் அவர் அண்ணாந்து பார்த்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"மேலிடத்திலேர்ந்து மதிப்பீட்டுக் குழு வருது. பதினான்காவது நிகழ்ச்சியை நேர்ல பாக்கணும்னு சொல்றாங்க. நீங்க கொஞ்சம் வந்து கூண்டுக் கதவை..."

"பழுதுபாக்கணுமா?"

"அய்யய்யோ, பழுதுன்னு வாயாலயே சொல்லாதீங்க. பழுதுபாக்க வேணாம். திறக்க மட்டும் செய்யுங்க."

"என் அக்காவுக்கு முதல்ல காட்டணும்."

"பொதுமக்களுக்கு முன்னுரிமைங்கறதுதானே எங்க கொள்கையே" என்றார் துறைத்தலைவர்.

வெள்ளிக்கிழமை மத்தியானமே ஷட்டர்காரர் ஏணியோடும் கருவிப் பையோடும் அக்காவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். சங்கிலியை ஏற்றினார், துருவைச் சுரண்டினார், போல்ட் மாற்றினார். இருபது நிமிடம் என்று சொன்னவருக்கு இருபத்தைந்து ஆனது. ஒரு புறாக்கூட்டை முட்டையோடு இடம் மாற்றவேண்டி வந்தது. பிளாஸ்டிக் உறையை அறிவிப்பாளர் ஆள் வைத்து உருவியிருந்தார், படத்தில் அசிங்கமாகத் தெரியுமாம். தொலைநோக்கியம்மா மேற்கே காட்டினார். "பொழுது சாஞ்சதும் அங்க தாழ நிக்கும். இன்னைக்கு விட்டா அவ்வளவுதான். அடுத்த மாசம் சூரியன் பக்கம் போய் மறைஞ்சுடும். மறுபடி சாயங்காலத்துல வர எட்டு மாசம் ஆகும்." எட்டு மாதம் என்றதும் ஷட்டர்காரர் அக்காவைப் பார்த்தார். அவள் சுவரில் ஒரு கையை வைத்தபடி நின்றிருந்தாள்.

அன்று உரைகளைச் சுருக்கி ஏழரைக்கே எல்லோரும் மேலே வந்தார்கள். துணைவேந்தர், மதிப்பீட்டுக் குழுத் தலைவர், பதிவாளர், பேராசிரியர்கள், படம் எடுப்பவர். ஷட்டர்காரர் சங்கிலியை இழுத்தார். கதவு முனகிக்கொண்டே நகர்ந்து, அதன் பின்னால் நட்சத்திரங்களோடு வானம் தெரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், படம் எடுப்பவரைப் பார்த்து. படத்துக்கு வசதியாக அறையில் விளக்குகள் எல்லாம் பளிச்சென்று எரிந்தன. தொலைநோக்கியம்மா பெரிய குழாயின் பக்கத்தில் ஒட்டியிருந்த சின்னக் குழாயில் பார்த்துப் பார்த்து, பெரியதைச் சனியை நோக்கித் திருப்பி நிறுத்தினார். பிறகு, "ஐயா, ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தார்.

"அப்புறம்" என்றார் துறைத்தலைவர். "இப்போது பதவி வரிசைப்படி வானம் பார்க்கலாம்."

ஷட்டர்காரர் முன்னால் வந்தார். "அக்காவுக்கு முதல்லன்னு..."

"முன்னுரிமை கொள்கையில இருக்கு. வரிசை நடைமுறையில இருக்கு. ரெண்டும் வேற" என்று அவரை மெல்ல ஓரம் தள்ளினார் அறிவிப்பாளர்.

துணைவேந்தர் குனிந்து கண்ணை வைத்தார். கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு நிமிர்ந்து தொண்டையைச் செருமினார். "ஆகா! என்ன கம்பீரம்! வளையம் இரண்டுதானே?"

"மூன்றுங்க ஐயா" என்றார் துறைத்தலைவர்.

"மூன்று, மூன்று. அதைத்தான் சொன்னேன்."

மதிப்பீட்டுக் குழுத் தலைவர் பார்த்தார். "மூன்றும் தெரிகிறது. நானே எண்ணிவிட்டேன்." பதிவாளருக்கு நான்காவதாக ஒன்று லேசாகத் தெரிந்தது, ஆனாலும் துணைவேந்தர் மூன்று என்று சொன்னபின் நான்கு இருப்பது முறையாகாது என்பதால் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஒரு பேராசிரியர் ஏழு நிலவுகளைக் கண்டார். அவருக்கு அடுத்தவர் பதவி உயர்வுக்குக் காத்திருப்பவர், ஒன்பது கண்டார். துறைத்தலைவர் கடைசியாகக் கண்ணை வைத்து, நெகிழ்ந்து போனார். "நான் பொறுப்பேற்றதற்கு முன்னால் சனி இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை" என்றார். மதிப்பீட்டுக் குழுத் தலைவர் அதைக் குறித்துக்கொண்டார்.

எட்டேகாலுக்கு அக்காவின் முறை வந்தது. சனி நூலகக் கூரையை நெருங்கிக்கொண்டிருந்தது. ஷட்டர்காரர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து நிறுத்தினார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள்.

"என்னக்கா? தெரியுதா?"

அவள் கண்ணை இன்னும் நெருக்கி வைத்தாள்.

"அக்கா?"

"இருட்டா இருக்குடா."

"நல்லாப் பாரு."

"நல்லாத்தான் பாக்கறேன். ஒண்ணுமே இல்ல. கன்னங்கரேல்னு இருக்கு."

ஷட்டர்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார். முதல் மாதமே காட்டியிருந்தால். இரண்டாம் மாதம் கைவைத்திருந்தால். நான்கு மாதம் இவர்கள் மலர்க்கொத்து மாற்றிக்கொண்டிருந்தபோது ஷட்டர் முழுசாக இறங்கிவிட்டது. அவர் எல்லோர் முன்னாலும் அழப்போகிறோம் என்று பயந்தார்.

"பாவம், பார்வைக் குறைவு" என்றார் துறைத்தலைவர், ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக. "பரவாயில்லை. அறிக்கையில் கண்டு மகிழ்ந்தார் என்றே போட்டுக்கொள்வோம்."

அக்கா நிமிர்ந்தாள். அவரை நேராகப் பார்த்தாள்; தலையைக் கொஞ்சம் திருப்பி, அந்த நடுவட்டத்துக்குள் அவரைக் கொண்டுவந்து பார்த்தாள். "உங்க சட்டையில மேலேர்ந்து ரெண்டாவது காஜா பிரிஞ்சு நூல் தொங்குது சார். அது எனக்குத் தெரியுது. இதுல தெரியல. இருபத்திரண்டு வருஷம் செக்கிங்ல இருந்தவ நான். இல்லாததை இருக்குன்னு ஒருநாளும் பாஸ் போட்டதில்ல." தம்பி பக்கம் திரும்பினாள். "நீ பாருடா."

அவர் குனிந்து பார்த்தார். இருட்டு. பூட்டின கடைக்குள் இருக்கிற இருட்டு. நிமிர்ந்து, குழாயோடு ஒட்டியே கண்ணை மேலே ஓட்டினார். மறுமுனையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு தகர மூடி கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"மூடியே கழட்டலையே!"

துணைவேந்தர் தன் காலணிகளைப் பார்த்தார். ஒன்பது நிலவு கண்டவர் ஏழு கண்டவரின் பின்னால் நகர்ந்துகொண்டார்.

"அதைத்தாங்க ஐயா அப்பவே சொல்ல வந்தேன்" என்றார் தொலைநோக்கியம்மா. "மூடி கழட்டற இடம் ஆறு வருஷமா காலி."

துறைத்தலைவர்தான் முதலில் சுதாரித்தார். "யாரும் மூடியைத் தொடக் கூடாது! பதினான்காவது நிகழ்ச்சி வெற்றிகரமாக நிறைவடைந்துவிட்டது. இப்போது மூடியைத் திறந்தால் இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் பார்த்தது என்னவென்று ஒரு தேவையற்ற கேள்வி எழும்." அவர் கையசைத்ததும் அறிவிப்பாளர் பழக்கதோஷத்தில் ஆரம்பித்துவிட்டார்: "பதினைந்தாவது நிகழ்ச்சி இப்போது இனிதே..."

ஷட்டர்காரர் ஏணியைத் தூக்கிக் குழாயின் முனைக்குக் கீழே போட்டார். இரண்டு பேராசிரியர்கள் குறுக்கே வந்து, அவர் கையில் ஸ்பேனரைப் பார்த்து, வழிவிட்டார்கள். ஏறினார். மூடி லேசில் வரவில்லை, தட்டித் திருகினார், கையோடு வந்துவிட்டது. அதைக் கருவிப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். தொலைநோக்கியம்மா யாரையும் கேட்காமல் போய் விளக்கை அணைத்தார். சின்னக் குழாயில் பார்த்து, பெரிய குழாயைச் சனி இறங்கியிருந்த அளவுக்குத் தாழ்த்தினார். அது அவருடைய வேலைதான்.

அக்கா குனிந்தாள். இருட்டில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. ஷட்டர்காரர் ஏணியிலிருந்து இறங்காமலே நின்றார். கேட்கப் பயமாக இருந்தது.

"இருக்குடா" என்றாள்.

"என்னது?"

"வளையம். நெசமாவே இருக்கு. ஒட்டாம, நடுவுல இடம் விட்டு, தனியா நிக்குது. என் நடுவட்டத்துக்குள்ள அளவெடுத்தாப்ல உக்காந்திருக்குடா." அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "சுத்தி ஒரு பிசிறு இல்ல. பாஸ்."

பின்னால் செருப்புகள் உரசும் சத்தம் கேட்டது. துணைவேந்தர் தொண்டையைச் செருமினார். "நானும் ஒருமுறை..." என்றார். அவருக்குப் பின்னால் மதிப்பீட்டுக் குழுத் தலைவர், பதிவாளர், துறைத்தலைவர் என்று அந்த இருட்டிலும் பதவி வரிசை பிசகாமல் ஒரு வரிசை உருவாகியிருந்தது.

அக்கா கண்ணை எடுக்கவில்லை. "நீங்கல்லாம்தான் ஏற்கெனவே பாத்துட்டீங்களே சார்" என்றாள்.

சனி நூலகக் கூரைக்குப் பின்னால் இறங்கும்வரை அவள் நகரவில்லை. வரிசை அப்படியே நின்றது.